மலர்க் கட்டுரை: ராஜா வீட்டுக்குப் பர்மாக் கணக்கும் வேண்டும்

கானாடுகாத்தான் ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊரில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய ராஜா வீட்டைப் பற்றி, நம் ஊர்ச் சங்க மலருக்காகச் சிங்கப்பூர்த் தம்பி எழுதிய கட்டுரையைப் படித்தேன். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர் எல்லாம் வந்துவிட்டன. சுற்றுலா வருபவருக்கு அது போதும். நமக்குப் போதாது.

வீடு கட்டி முடிந்தது 1912-ல். அண்ணாமலைச் செட்டியார் 1881-ல் பிறந்தவர்; சர் பட்டம் 1923-ல்தான், ராஜா பட்டம் 1929-ல்தான். ஆக, ராஜா ஆவதற்கு முன்பே வட்டித் தொழில் கட்டிய வீடு அது. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு என்று நம் வீடுகளின் வரிசையேதான், அளவுதான் மிரட்டுகிறது. வளவைச் சுற்றிய ஓட்டுச் சரிவுகள் தண்ணீரை முற்றத்தில் இறக்க, ஐப்பசி மழையில் அண்டா வைத்துப் பிடித்த ஆச்சிகளை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு மூன்று வருஷக் கணக்குக்குப் பர்மா வட்டிக்கடைகளுக்குக் கப்பலேறிய மேலாள் (கடையை நடத்தும் முகவர்), அடுத்தாள் (அவருக்கு அடுத்தவர்), பெட்டியடிப் பையன் (கடை எடுபிடிச் சிறுவன்) இவர்கள் எங்கே? நம்மில் பாதிப் பேரின் பாட்டன்மார் அவர்கள்தானே! பர்மிய விவசாயியும் வர வேண்டும். 1930-களின் நெல்விலை வீழ்ச்சியில் கடன் அடைக்க முடியாமல் அவன் நிலம் கைமாறியது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 25 சதவீத நிலம் செட்டியார்கள் பேரில் இருந்தது. நம்மவர்கள் கேட்டது வட்டி. வந்து சேர்ந்தது வயலும் வெறுப்பும். 1942-ல் ஜப்பானியப் படை, 1948-ல் நிலத்தை அரசுடைமையாக்கிய சட்டம் என்று அந்தப் பேரேடு மூடப்பட்டது. ராஜா மறைந்ததும் 1948-ல்தான்.

இதை எழுதினால் அவர் பெருமை குறைந்துவிடும் என்று அண்ணன்மார் சிலர் பதறலாம். குறையாது. வட்டிப் பணத்தில் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகமே எழும்பியது. தமிழில் பாடு என்று சொல்லத் தமிழிசைச் சங்கமும் வந்தது. பர்மாக் கணக்கையும் இந்தப் பெருமையையும் ஒரே பக்கத்தில் வைக்கலாம்.

பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் வீட்டு முகப்பை மறுபடி படமெடுக்க வேண்டாம். அது நூறு பேரிடம் இருக்கிறது. பரணில் பாட்டனாரின் சம்பளச் சீட்டோ ரங்கூன் கடிதமோ கிடந்தால் அதைப் படமெடுத்து அனுப்புங்கள். மாசிக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.