கம்பெனி கார்டுக்கு கடன்ல மருந்து, 15% தள்ளுபடி கேக்குறாங்க: கையெழுத்து போடலாமா?

சத்துவாச்சாரி மெடிக்கல்ஸ்: ராணிப்பேட்டை சிப்காட் கம்பெனி ஒண்ணுக்கு ஓபிடி (படுக்காம வெளிநோயாளியா பாக்குற வைத்தியம்) கார்டு நடத்துற ஏஜென்சிலருந்து ஆள் வந்தாரு. ஸ்டாஃப் கார்டு காட்டுனா மருந்து குடுத்துடணுமாம், துட்டு 45 நாள்ல அவங்க அனுப்புவாங்களாம், எல்லா பில்லுக்கும் எம்ஆர்பில 15% தள்ளுபடி. இன்னா பண்ணலாம் சொல்லுங்க

காட்பாடி ஜங்ஷன்: போட்ருங்கண்ணே. ஐடா ஸ்கட்டர் ரோட்டு கடைக்காரங்களுக்கு சிஎம்சி ஆஸ்பத்திரி கூட்டம் இருக்கு, உங்களுக்கு ஏது? சுகர் பிபி மாத்திரைக்கு மாசா மாசம் வர்ற ஆளுங்கள ஆன்லைன் ஆப்புக்காரன் இழுத்துனு போறான், இது தானா வர்ற கஸ்டமர்

குடியாத்தம் பார்மசிஸ்ட்: தம்பி கணக்கு போட்டு பேசுப்பா. விலைக்கட்டுப்பாட்டு மருந்துக்கு 2013 டிபிசிஓ, அதான் சர்க்காரோட மருந்து விலைக்கட்டுப்பாட்டு ஆணை, அதுல போட்ட உச்ச விலைல கடைக்காரனுக்கு வச்சதே வாங்குற விலைக்கு மேல 16% தான். 100க்கு வாங்கி 116க்கு விக்கிறோம், ஜிஎஸ்டிய வுடு, 116ல 15% தள்ளுனா கைக்கு வர்றது 98 ரூபா 60 காசு. நஷ்டத்துக்கு வித்துட்டு 45 நாள் காத்துனு வேற இருக்கணுமா, நமக்கு சரக்கு போடுற ஸ்டாக்கிஸ்ட் அது வரைக்கும் சும்மா இருப்பானா

காட்பாடி ஜங்ஷன்: கம்பெனி ஸ்கீம மறந்துட்டீங்களே, 10 வாங்குனா 1 ஃப்ரீ வருதுல்ல? ஜெனரிக்ல இன்னும் லாபம் நிக்கும், மொத்தமா பாருங்கண்ணே

குடியாத்தம் பார்மசிஸ்ட்: டாக்டர் எழுதுற பிராண்டுக்கெல்லாம் ஸ்கீம் வராது

வேலூர் டூ டெக்சாஸ்: நான் இங்க அமெரிக்காவுல பார்மசில வேல பாக்குறேன். கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ்னு மூணு பிபிஎம் (இன்சூரன்ஸுக்காக மருந்து பில்ல பாத்து கடைக்கு துட்டு குடுக்குற கம்பெனி) கையில தான் கிட்டத்தட்ட 80% மருந்து கிளெய்ம். தனிக்கடை போய் பேரம் பேசவே முடியாது, பிஎஸ்ஏஓனு கடைங்களுக்காக பேசுற ஒரு அமைப்புல சேந்தா அவங்க பேசுவாங்க, அதுலயும் பாதி நேரம் நீட்டுன பேப்பர்ல கையெழுத்து தான். மருந்து வித்து மாசக்கணக்கு ஆனப்புறம் டிஐஆர் ஃபீஸ்னு குடுத்த துட்டுல திரும்ப புடிப்பாங்க, 2024லருந்து தான் மெடிகேர்ல (வயசானவங்களுக்கு அரசாங்க இன்சூரன்ஸ்) அத விக்கிறப்பவே விலைல காட்டணும்னு ரூல் வந்துச்சு. கடை வாங்குன விலைக்கு கீழ பிபிஎம் துட்டு குடுக்கக்கூடாதுனு அர்கன்சாஸ் மாநிலம் போட்ட சட்டம் 2020ல சுப்ரீம் கோர்ட்டுல நின்னுச்சு. நம்மூர்ல அந்த மாதிரி காப்பு இல்ல, அதனால ரேட்டோட சேத்து ஆடிட் எப்ப வரைக்கும் பண்ணுவான், பில்ல கழிச்சா காரணம் எழுதி குடுப்பானா, வேலைய வுட்ட ஆள் கார்டு காட்டுனா யார் தலைல, இதெல்லாம் படிங்க சார்

காட்பாடி ஜங்ஷன்: அப்ப எல்லா கடையும் சங்கத்துல பேசி ஒரே ரேட்டு சொல்லிட்டா?

குடியாத்தம் பார்மசிஸ்ட்: வம்பு தேடாத. மார்ஜின் ஃபிக்ஸ் பண்ணது, சங்கத்தோட என்ஓசி (ஆட்சேபம் இல்லன்ற கடிதம்) இல்லாம மருந்து கம்பெனி புது ஸ்டாக்கிஸ்ட் போடக்கூடாதுன்னது, இதுக்கு தான் 2013ல அகில இந்திய மருந்து வணிகர் அமைப்புக்கே காம்படிஷன் கமிஷன் ஃபைன் போட்டுச்சு

சத்துவாச்சாரி மெடிக்கல்ஸ்: ஃபோன் பண்ணேன். 30 நாளுக்கு ஒத்துனாரு. கட்டுப்பாட்டு மருந்த மட்டும் தனி ரேட்டா பிரிக்க சாஃப்ட்வேர்ல வழி இல்லன்றாரு

காட்பாடி ஜங்ஷன்: அப்ப மொத்தத்துக்கும் 10% கேளுங்கண்ணே, பிரிக்கவே வேணாம்

குடியாத்தம் பார்மசிஸ்ட்: 10னா 116ல 4 ரூபா 40 காசு நிக்கும், அதுக்கு நான் குறுக்க வரல. 30 நாள்ன்றத அக்ரிமெண்ட்ல ஏத்த சொல்லுங்க, ஃபோன்ல சொன்னதெல்லாம் செல்லாது