உலோக வால்வும் முருங்கைக்கீரையும்: என் அக்காவின் அனுபவம்

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் அனுபவத்தை, இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் பலர் இங்கே எழுதியிருக்கிறீர்கள். இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களின் பாடு சற்று வேறு. அதனால் என் அக்காவைப் பற்றி எழுதுகிறேன்.

மண்டபம் பக்கம் எங்கள் ஊர். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் அக்காவின் இதயத்தில் மைட்ரல் என்னும் வால்வைக் கெடுத்துவிட்டது. மதுரையில் அறுவை சிகிச்சை செய்து உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து வால்வில் இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாலையில் அசிட்ராம் மாத்திரை.

ஒருமுறை மாத்திரை தீர்ந்துபோன நேரத்தில் பக்கத்து வீட்டு மாமா, "எல்லாம் ரத்தம் உறையாமல் இருக்கத்தானே தாயி, இதைப் போட்டுக்கொள்" என்று தன் ஆஸ்பிரினை நீட்டினார். நல்ல மனசுதான், ஆனால் ஆபத்து. இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு, ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. ஆஸ்பிரின் இரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. அசிட்ராமுக்கு வேலை கல்லீரலில். இரத்தம் உறையத் தேவையான காரணிகளில் சிலவற்றைக் கல்லீரல் வைட்டமின் கே கொண்டுதான் செய்துமுடிக்கிறது. பயன்பட்ட வைட்டமினை உடல் புதுப்பித்து மறுபடி எடுத்துக்கொள்ளும். அந்தப் புதுப்பித்தலைத்தான் மாத்திரை தடுக்கிறது. முன்பே இரத்தத்தில் ஓடும் காரணிகள் தீரச் சில நாட்கள் ஆகும். ஆகவே இன்று அளவை மாற்றிவிட்டு நாளைக்கே ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை எண்) ஏறவில்லையே என்று பதறாதீர்கள்.

மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு ஐ.என்.ஆர். 1 அளவில் இருக்கும். அக்காவுக்கு மருத்துவர் வைத்த இலக்கு 2.5 முதல் 3.5 வரை. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15இல் விசைப்படகுகள் கரையேறியதும், எங்கள் வீட்டில் மீன் குறைந்து முருங்கைக்கீரை கூடியது. அப்போது எடுத்த சோதனையில் ஐ.என்.ஆர். 1.8க்கு இறங்கியிருந்தது. கீரையில் அவ்வளவு வைட்டமின் கே! கீரையையே விட்டுவிடச் சொல்லி ஊரில் ஆளாளுக்கு அறிவுரை. மருத்துவரோ, "சாப்பிடுங்கள், வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்" என்றார். அது சரிப்பட்டது.

இன்னொன்று, காயம். அக்கா கடலில் மரிக்கொழுந்துப் பாசி என்னும் கடற்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றியிருந்தும் பவளப்பாறை உள்ளங்கையைக் கீறிவிட்டது. உடன் வந்தவர்கள் இரத்தம் நின்றுவிட்டதா என்று துணியை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் உறையத் தொடங்கியது பிய்ந்து மறுபடி வழிந்தது. நான் துணியை மடித்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, கால் மணி நேரம் விடவில்லை. நின்றது. தலையில் அடிபட்டாலோ மலம் கறுத்துப் போனாலோ இப்படி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

கீழக்கரை உறவினர் ஒருவர் ஐ.என்.ஆர். சோதனையே தேவைப்படாத புது மாத்திரை சாப்பிடுகிறார். அக்காவுக்கும் கேட்டுப் பார்த்தோம். உலோக வால்வுக்கு அது கூடாது என்று மருத்துவர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்.

இப்போது அக்காவுக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தாமல், ஐ.என்.ஆர். பார்த்துவிட்டு எடுக்கலாம் என்கிறார்கள். உலோக வால்வோடு பல் எடுத்துக்கொண்டவர்கள் இருந்தால், அன்றும் மறுநாளும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.