அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கி: எதை வாங்குவது, அதற்கு முன் என்ன பார்ப்பது

கேள்வி: அண்ணா, போன மாதம்தான் கிரீன் கார்டு வந்தது. டெக்சாஸில் தனி வீடு. மனைவி, ஆறு வயதில் ஒரு பெண். ஆபீஸ் நண்பர்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வா வா என்கிறார்கள். டார்கெட் சுடவும் வீட்டுப் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரே பிஸ்டலாக வாங்க எண்ணம். ஒருவர் க்ளாக் பிராண்டு என்கிறார், இன்னொருவர் சிக் என்கிறார். எதில் ஆரம்பிப்பது?

பதில்: மாடலுக்கு அப்புறம் வருவோம் தம்பி. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சேர்த்து முதலில் விசா விஷயம். கிரீன் கார்டு இருந்தால் மத்திய சட்டப்படி தாராளமாக வாங்கலாம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குக் கதையே வேறு: துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியக் குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் அந்தச் சிக்கல் உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் அதை நம்பி இறங்குமுன் ஒரு வக்கீலுக்குக் காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டுக்காரர்களும் அலட்சியமாக இருக்க முடியாது. துப்பாக்கிச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றால் நாடு கடத்துவதற்கு அதுவே காரணமாகலாம்.

கடையில் 4473 என்ற படிவம் தருவார்கள். கைத்துப்பாக்கிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், நீ குடியிருக்கும் மாநிலத்துக் கடையாகவும் இருக்க வேண்டும். கஞ்சா பற்றி ஒரு கேள்வி வரும். மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் அது குற்றம்தான் என்று அங்கேயே அச்சிட்டிருக்கும். அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். பிறகு எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை, பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 'டிலேய்டு' (தாமதம்) என்று வந்தால் பதறாதே, மறுத்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. போகுமுன் டிரைவிங் லைசென்ஸையும் கிரீன் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார். அப்பா பெயர் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருப்பது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. முகவரியும் இப்போது இருக்கும் வீடாக இருக்கட்டும்.

டெக்சாஸில் வாங்குவதற்கென்று தனி மாநில அனுமதி தேவையில்லை. இல்லினாய் என்றால் முதலில் ஃபாய்டு கார்டு என்ற துப்பாக்கி உரிமையாளர் அட்டை. நியூஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி பர்மிட். கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு எழுதி, 10 நாள் காத்திருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள மாடல்களைத்தான் கடையில் புதிதாக வாங்க முடியும். கனடாவில் இருக்கும் சொந்தங்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அங்கே 2022 அக்டோபரிலிருந்து கைத்துப்பாக்கி விற்பதும் வாங்குவதும் முடக்கம்.

இனி உன் கேள்வி. ஒரே துப்பாக்கிதான் என்றால் 9 எம்.எம். தோட்டா போடுவது, நடுத்தர அளவு, அவ்வளவுதான். தோட்டா எங்கும் கிடைக்கும், சுடும்போது கையில் வரும் உதைப்பு தாங்கும்படி இருக்கும், எஃப்.பி.ஐ.யே அதைவிடப் பெரிய .40 தோட்டாவை விட்டுவிட்டு 9 எம்.எம்.முக்குத் திரும்பியது. க்ளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி, சிக் பி320, வால்தர் பிடிபி, சி.இசட். பி-10 என்று பல பெயர் சொல்வார்கள். க்ளாக் 19-ல் குழல் சுமார் 4 அங்குலம், தோட்டாவை அடுக்கும் மேகசினில் 15 தோட்டா. மற்றவையும் அந்த அளவை ஒட்டித்தான் வரும். நண்பர்கள் பிராண்டுக்காக அடித்துக்கொள்வதை ரசித்துவிட்டுப் போ, அதை வைத்து முடிவெடுக்காதே.

முடிவெடுக்க வேண்டியது உன் கை. பிடியை எவ்வளவு மேலே பிடிக்க முடிகிறது, ஆள்காட்டி விரலின் நுனிச்சதை ட்ரிகரில் இயல்பாகப் படிகிறதா, மணிக்கட்டைத் திருப்பாமல் மேகசின் பட்டன் எட்டுகிறதா, மேலே நகரும் பாகமான ஸ்லைடை முழுக்கப் பின்னுக்கு இழுக்க முடிகிறதா என்று பார். நம்மில் பலருக்குச் சின்னக் கை. அதனால் பிடியின் பின்பாகத்தை மாற்றிப் போடும் வசதி உள்ள மாடல்களைக் கேள். கை சின்னது என்பதற்காகக் கையடக்கமான சிக் பி365 மாதிரி எடுத்துவிடாதே. இடுப்பில் மறைத்து வைப்பதற்குச் செய்த சாமான் அது. எடை குறையக் குறைய உதைப்பு கூடும், புதிதாகப் பழகுபவருக்கு அதுதான் கஷ்டம்.

வாங்குமுன் வகுப்பு. அதில் .22 என்ற சின்னத் தோட்டாத் துப்பாக்கியில் ஆரம்பி. உதைப்பு மிகக் குறைவு என்பதால் கண் சிமிட்டும் பழக்கம் ஒட்டாது, தோட்டாவும் 9 எம்.எம். விலையில் பாதிக்கும் கீழே. பிறகு 9 எம்.எம்.மில் இரண்டு மூன்று மாடல்களை வாடகைக்கு எடுத்துச் சுடு. தனியாகப் போகாதே. தனியாக வரும் புது ஆளுக்கு வாடகைத் துப்பாக்கி தருவதில்லை என்று பல ரேஞ்சுகளில் விதி. தற்கொலைக்கு அஞ்சி வைத்த விதி.

புதிதாகப் பழகும் வலது கைக்காரர் சுட்டால் ஓட்டைகள் பெரும்பாலும் இலக்குக்குக் கீழே, இடப்பக்கம் போய் விழும். துப்பாக்கி சரியில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். பயிற்சியாளர் பேசமாட்டார், உனக்குத் தெரியாமல் மேகசினில் வெடிக்காத ஒரு டம்மி தோட்டாவைக் கலந்து வைப்பார். ட்ரிகரை அழுத்துவாய், 'டிக்' என்று மட்டும் கேட்கும். சத்தமே இல்லாமல் குழல்முனை கீழே குத்துவதை உன் கண்ணால் பார்ப்பாய். வரப்போகும் உதைக்கு முன்கூட்டியே கை தள்ளுகிறது. இதற்கு மருந்து வேறு மாடல் இல்லை, பயிற்சிதான். துப்பாக்கிக்கு 500, 600 டாலர் ஒதுக்கினால் வகுப்புக்கும் தோட்டாவுக்கும் அதே அளவு ஒதுக்கு.

கழுத்து மூடிய சட்டை போட்டுப் போ. சுட்டதும் வெளியே பறக்கும் கொதிக்கிற பித்தளை உறை காலருக்குள் விழுந்தால் ஆள் துள்ளுவார், கையில் இருக்கும் துப்பாக்கி எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. மூடிய ரேஞ்சில் காதுக்குள் ஒன்று, மேலே ஒன்று என இரண்டு அடைப்பும் போடு. முடிந்ததும் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கை கழுவு, ஈயத்தூள் ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையோடு மகளைத் தூக்காதே.

இடையில் ஒருவர்: நான் எச்-1பி. என் ரூம்மேட் சிட்டிசன். அவன் பெயரில் வாங்கி வீட்டில் வைத்தால்?

பதில்: வேண்டாம். உனக்காக அவன் வாங்கினால் 4473-ல் 'உண்மையான வாங்குபவர் நான்தான்' என்று பொய் எழுதுகிறான், குற்றம் இரண்டு பேர் தலையிலும். அவனுக்கே வாங்கிக்கொண்டாலும் அவன் அதைப் பூட்டி வைக்கும் பெட்டியைத் திறக்கும் எண் உனக்குத் தெரியக் கூடாது. நீ எடுக்க முடிகிற இடத்தில் இருந்தாலே 'வைத்திருந்தாய்' என்று சொல்ல முடியும்.

கேள்வி கேட்டவரின் மனைவி: அண்ணா, எனக்கு இதில் அரை மனசுதான். குழந்தை இருக்கும் வீடு. ராத்திரி அவசரத்துக்கு என்று தலையணைக்கு அடியில் வைப்பார்களாமே?

பதில்: தலையணை, அலமாரி மேல்தட்டு, புடவைக்கு அடியில், எதுவும் கூடாதும்மா. குழந்தைக்குத் தெரியாத இடம் என்று வீட்டில் ஒன்று கிடையாது. டெக்சாஸில் தோட்டா போட்ட துப்பாக்கியைக் கைக்கு எட்டும்படி அலட்சியமாக விட்டு, 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கையில் அது கிடைத்தால் குற்றமும்கூட. கட்டிலருகே சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய எஃகுப் பெட்டி, பொத்தான் அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டு. துப்பாக்கி வருமுன் பெட்டி வரட்டும். துப்பாக்கியோடு கடைக்காரர் தரும் கேபிள் பூட்டைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், பெட்டிக்குப் பதிலாக அல்ல.

இன்னொன்றும் யோசியுங்கள். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், புது நாட்டில் தனிமையில் அது சாதாரணமாக வருவதுதான், இந்த யோசனையே வேண்டாம். அரை மனசு என்று நீங்கள் சொன்னதையும் அவர் எடைபோட வேண்டும். வகுப்புக்கு நீங்களும் போங்கள், அதற்கப்புறமும் வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம்தான். அதுவரை கதவுச் சட்டத்தில் நீள ஸ்க்ரூ, வாசலில் வெளிச்சம், அலாரம். இவை எப்படியும் செய்ய வேண்டியவை.

வாங்கினால், இங்கே வீட்டின் உள்சுவர் பெரும்பாலும் செங்கல் அல்ல, ஜிப்சம் பலகை. 9 எம்.எம். தோட்டா அதைத் துளைத்து அடுத்த அறைக்கும் போகும். மகள் எந்தப் பக்கம் தூங்குகிறாள் என்பது கணவருக்கு எப்போதும் நினைவிருக்க வேண்டும். பயிற்சிக்கு முழு உலோக உறைத் தோட்டா. வீட்டுக்கு முனை குழிந்த ஹாலோ பாயிண்ட் தோட்டா, அது உடலில் விரிந்து நிற்கும்படி செய்தது, ஆனால் குறி தவறினால் அதுவும் சுவரைத் துளைக்கும். பக்கத்தில் ஒரு டார்ச் கட்டாயம். இருட்டில் அசைவது தண்ணீர் குடிக்க எழுந்த குழந்தையாக இருக்கலாம். சத்தம் கேட்டால் வீடு முழுக்கத் தேடிப் போவதைவிட, எல்லோரும் ஒரே அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு 911-ஐ அழைப்பதுதான் முதல் வேலை.

முதல் கேள்வியாளர்: சரிண்ணா, இருவரும் வகுப்புக்குப் பதிவு செய்கிறோம். கோடையில் நயாகரா பயணம் இருக்கிறது, அதற்கு முன் வாங்கினால் காரில்…

பதில்: வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போ. வழியில் நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கு அந்த மாநில உரிமம் கேட்பார்கள், டெக்சாஸ் வழக்கம் அங்கே செல்லாது. டிக்கியில் மறந்து வைத்துக்கொண்டு பாலம் தாண்டிக் கனடாவுக்குள் நுழைந்தால் கைது வரை போகும். கிளம்புமுன் ரேஞ்ச் பையையும் காரின் கதவோரப் பெட்டியையும் தடவிப் பார், உதிரித் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.