15 ஆம்பியரில் ஐடியல் டையோடு கொதிக்கிறது. கரண்ட் லிமிட்டை எங்கே போடுவது?

மின்வழி (கேள்வி):
13.8 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) ஒன்று, நான்கு செல் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்) பேட்டரி ஒன்று. இரண்டுக்கும் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஐடியல் டையோடு: தனித்தனி எல்எம்74700 ஐசி, அது திறந்து மூடும் தனித்தனி ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட். ஹீட்சிங்க் இல்லை. இரண்டு அவுட்புட்டும் சேர்ந்து ஒரே லோடுக்குப் போகிறது. லோடின் வாயிலில் 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறது.

1 ஆம்பியரில் சோர்ஸுக்கும் டிரெய்னுக்கும் நடுவே 20 மில்லிவோல்ட்தான் காட்டுகிறது. 15 ஆம்பியரில் முதலில் 110, பத்து நிமிடம் ஓடியபின் 180 மில்லிவோல்ட். தொட முடியாத சூடு. இன்னொரு பிரச்சினை: பேட்டரி மட்டும் இருக்கும்போது லோடைச் செருகினால் பொறி பறக்கிறது, பிஎம்எஸ் (பேட்டரியின் பாதுகாப்பு போர்டு) கட் ஆகிறது. இந்த ஐசியை ஆன், ஆஃப் செய்யும் எனேபிள் பின்னை வைத்தே கரண்டைக் கட்டுப்படுத்த முடியுமா?

ஷன்ட்:
முதலில் சூட்டைப் பார்ப்போம். உங்கள் அளவீடுகளிலேயே பதில் இருக்கிறது. கேட் டிரைவ் வராமல் மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் உள் டையோடு வழியாகக் கரண்ட் போனால் 600 மில்லிவோல்டுக்கு மேல் காட்டியிருக்கும், அப்படி இல்லை. 1 ஆம்பியரில் 20 என்பது ஐசி தானே பிடித்துவைக்கும் அளவு. 15-இல் மாஸ்ஃபெட் முழுதாகத் திறந்துவிட்டது, அதற்குமேல் வெறும் ரெசிஸ்டன்ஸ்தான். 110-ஐ 15-ஆல் வகுத்தால் 7.3 மில்லிஓம், 3205-இன் டேட்டாஷீட் அதிகபட்சம் 8. பிறகு 12 ஆகியிருக்கிறது. சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் ஏறும், அதனால் சூடு இன்னும் ஏறும். இப்போது மாஸ்ஃபெட்டில் விரயமாவது 2.7 வாட். காற்றில் தனியாக நிற்கும் டிஓ-220 உறைக்கு வாட்டுக்கு 62 டிகிரி. போர்டின் செம்பு கொஞ்சம் வாங்கிக்கொள்வதால்தான் இன்னும் தாங்குகிறது.

அதற்காக 1 மில்லிஓம் மாஸ்ஃபெட்டைத் தேடி ஓடாதீர்கள். இந்த ஐசி ரிவர்ஸ் கரண்டை உணர்வது 11 மில்லிவோல்டில். 1 மில்லிஓம் என்றால் 11 ஆம்பியர் பின்னோக்கிப் போகும்வரை அதன் வேகமான மூடல் வேலை செய்யாது. எஸ்எம்பிஎஸ் திடீரென விழுந்தால் அதுவரை பேட்டரி அதற்குள் கரண்டைத் தள்ளும். முழு லோடில் 20 முதல் 50 மில்லிவோல்ட் டிராப் வருகிற மாதிரி எடுத்தால் போதும்: 15 ஆம்பியருக்கு 1.3 முதல் 3.3 மில்லிஓம். ஐஆர்எஃப்பி3077 பொருந்தும், 75 வோல்ட், 3.3 மில்லிஓம். விரயம் 0.75 வாட், சூடானபின் 1.2 வாட் வரை. சின்ன கிளிப் ஹீட்சிங்க் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள்: 3077-இன் இன்புட் கெப்பாசிட்டன்ஸ் 9,400 பிக்கோஃபாரட் அளவுக்குப் பெரியது. ஐசி கேட்டை ஓட்டப் பயன்படுத்தும் சார்ஜ் பம்ப் கெப்பாசிட்டர் அதைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். 0.1 மைக்ரோ விளிம்பில் நிற்கும், 0.22 போடுங்கள்.

போர்டையும் அளந்து பாருங்கள். 35 மைக்ரான் செம்பில் 5 மிமீ அகலம், 50 மிமீ நீளம் என்றாலே 5 மில்லிஓம். புது மாஸ்ஃபெட்டைவிட டிராக்தான் அதிகம் சுடும். அதன்மேல் 2.5 சதுர மிமீ செம்புக்கம்பியைப் படுக்கவைத்துச் சால்டர் செய்யுங்கள்.

வெள்ளீயம்:
எனேபிள் பின் உதவாது. அதை லோ ஆக்கினாலும் உள் டையோடு முன்னோக்கித் திறந்தே இருக்கும். ஒற்றை மாஸ்ஃபெட்டால் பின்னோக்கி மட்டுமே தடுக்க முடியும். முன்னோக்கியும் தடுக்க எதிர்த்திசையில் இன்னொன்று வேண்டும், அதை ஓட்ட, செருகும்போது கரண்டைக் கட்டுப்படுத்தும் ஒரு ஹாட்ஸ்வாப் ஐசி வேண்டும்.

பிஎம்எஸ் ஏன் கட் ஆகிறது? வயரும் பேட்டரியும் சேர்த்து 40 மில்லிஓம் என்று வைத்தால் உச்சம் 300 ஆம்பியரைத் தாண்டும், 400 மைக்ரோசெகண்ட் டைம் கான்ஸ்டன்ட். பிஎம்எஸ்ஸுக்கு இது ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான் தெரியும்.

இரண்டு வழியும் சேர்ந்த பிறகு ஒரே ஒரு எல்எம்5069 ஹாட்ஸ்வாப் ஐசி போடுங்கள், இன்புட்டுக்கு ஒன்று தேவையில்லை. சென்ஸ் ரெசிஸ்டரின் குறுக்கே லிமிட் வழக்கமாக 55 மில்லிவோல்ட், குறைந்தபட்சம் 48.5. சென்ஸ் ரெசிஸ்டர் 2 மில்லிஓம் என்றால் வழக்கமாக 27 ஆம்பியர் வாக்கில், குறைந்தபட்சம் 24-இல் பிடிக்கும், 20 ஆம்பியர் லோடு தடையில்லாமல் ஓடும். கெப்பாசிட்டரை 1 ஆம்பியரில் நிரப்ப, கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 0.15 மைக்ரோஃபாரட், அதோடு சீரிஸில் 1 கிலோ ஓம். கேட்டுக்கு ஐசி தருவது 16 மைக்ரோஆம்பியர், அதிலிருந்து வந்த கணக்கு இது. நிரம்ப 130 மில்லிசெகண்ட் ஆகும்.

மாஸ்ஃபெட் தேர்வில்தான் பலரும் வழுக்குகிறார்கள். வேகமாக நிரப்பினாலும் மெதுவாக நிரப்பினாலும் கெப்பாசிட்டரில் சேரும் அதே 0.95 ஜூல் மாஸ்ஃபெட்டிலும் வெப்பமாகும். ஆரம்பத்தில் 14 வாட், பிறகு சரியும். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்து ஆம்பியரைப் பார்க்காமல் எஸ்ஓஏ (பாதுகாப்பாக இயங்கும் எல்லை) வரைபடத்தில் 100 மில்லிசெகண்ட் கோட்டையோ டிசி கோட்டையோ பாருங்கள். ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைந்த டிரெஞ்ச் வகைகள் அரைகுறையாகத் திறந்து நிற்கும்போது சிலிக்கானின் ஒரே இடத்தில் சூடு குவிந்து ஷார்ட் ஆகிவிடும். ஏறும் நேரத்தில் லோடும் கரண்ட் இழுத்தால் கணக்கே மாறிவிடும். பவர் குட் பின் வந்தபிறகே லோடு ஆன் ஆகட்டும்.

மின்வழி:
தெளிவாகிவிட்டது, நன்றி. இதற்குப் பதில் ஒரு என்டிசி (சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் குறையும் தெர்மிஸ்டர்) போட்டால் ஆகாதா? மூன்று மாஸ்ஃபெட்டையும் ஒரே ஹீட்சிங்கில் இறுக்கலாமா?

ஷன்ட்:
என்டிசி வேண்டாம். 15 ஆம்பியரில் அது தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருக்கும். சூடு ஆறுவதற்குள் மறுபடி செருகினால் தடையே இராது. செலவைக் குறைக்க வேண்டுமானால் 10 ஓம், 5 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர், அதற்குப் பேரலலில் அரை செகண்ட் கழித்து ஒட்டும் ரிலே. உச்சம் 1.4 ஆம்பியர்தான். ஆனால் ஓடும்போது ஷார்ட் ஆனால் இது காப்பாற்றாது, ஃபியூஸ் தனியாக வேண்டும். ஷார்ட்டோடே ஆன் செய்தால் ரெசிஸ்டரில் 19 வாட். அவுட்புட் வோல்டேஜ் ஏறவில்லை என்றால் ரிலே ஒட்டாமல் சப்ளையே கட் ஆக வேண்டும்.

ஹீட்சிங்க் விஷயத்தில் கவனம். இரண்டு ஐடியல் டையோடு மாஸ்ஃபெட்டுக்கும் டிரெய்ன் பொது அவுட்புட்டில் இருக்கிறது, மாஸ்ஃபெட்டின் உலோக முதுகான டேபும் டிரெய்ன்தான். அதனால் மைக்கா இல்லாமல் ஒன்றாக இறுக்கலாம், ஹீட்சிங்கில் 13.8 வோல்ட் இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஹாட்ஸ்வாப் மாஸ்ஃபெட்டின் டிரெய்ன் சென்ஸ் ரெசிஸ்டருக்கு அந்தப் பக்கம். அதையும் மைக்கா இல்லாமல் அங்கேயே இறுக்கினால் சென்ஸ் ரெசிஸ்டர் ஷார்ட் ஆகிவிடும். சர்க்யூட் வழக்கம்போல் ஓடும், லிமிட் மட்டும் வேலை செய்யாது. மைக்காவும் ஸ்க்ரூவுக்கு நைலான் புஷ்ஷும் போட்டு, டேபுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே கன்டினியூட்டி இல்லை என்பதைச் சென்ஸ் ரெசிஸ்டரை இணைக்கும் முன்பே மீட்டரில் பார்த்துவிடுங்கள். இணைத்தபின் பார்த்தால் 2 மில்லிஓம் வழியாக மீட்டர் எப்படியும் பீப் அடிக்கும்.