மண்டபத்தில் பூ வைப்பதா, குட்டைக் கரையில் மரம் வைப்பதா?

கரைக்காரன்:
ஈரோடு மாவட்டத்தில், கோபிசெட்டிபாளையத்திலிருந்து நம்பியூர் போகிற வழியில் எங்கள் ஊர். இங்கே ஒரு தோட்டக் கழகம் உண்டு, நானும் உறுப்பினன். பேருந்து நிலையத்து முக்கோணத் திட்டில் புல்தரை, தொடக்கப் பள்ளியில் காய்கறிப் பாத்தி, குட்டைக் கரையில் மரக்கன்று என்று ஊருக்கான வேலைகள் நடக்கின்றன. அவற்றோடு தை மாதக் கடைசியில் கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் மலர் அலங்காரக் கண்காட்சியும் உண்டு. வருட வசூலில் பாதிக்கு மேல் அந்த இரண்டு நாளிலேயே கரைந்துவிடுகிறது. ஜெர்பராவும் கார்னேஷனும் நீலகிரியிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்குகின்றன. திங்கட்கிழமை காலையில் அத்தனையும் மண்டபத்துக்குப் பின்புறம் குப்பை. அதே வாரத்தில் கரைக் கன்றுகளுக்கு ஒரு டேங்கர் தண்ணீர் கேட்டால், கையிருப்பு இல்லை என்று பொருளாளர் சொல்கிறார்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. பவானியின் உபரி நீர் குழாய் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குப் போகிறது. எங்கள் குட்டையும் அதில் ஒன்று. என் அப்பா காலத்திலிருந்து காய்ந்து கிடந்த குட்டையில் தண்ணீர் நிற்கிறது, கரையில் ஒதுங்க நிழல் இல்லை. இந்த வருடம் கண்காட்சியை நிறுத்திவிட்டு முழுப் பணத்தையும் கரைக்குத் திருப்பவேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். மறுப்பவர்கள் இங்கேயே எழுதி மறுக்கட்டும்.

பூச்சாடி:
கண்காட்சிப் பொறுப்பில் இருப்பவள் என்ற முறையில் மறுக்கிறேன். பணம் எங்கே போகிறது என்று எழுதிய அண்ணன், எங்கிருந்து வருகிறது என்று எழுதவில்லை. நுழைவுச் சீட்டு, நாற்றுப் பண்ணைக்காரர்களின் கடை வாடகை, ஜவுளிக்கடையும் நகைக்கடையும் வைக்கிற விளம்பரத் தட்டி எல்லாம் கண்காட்சியால் வருகிற பணம். அதே ஜவுளிக்கடைக்காரரிடம் குட்டைக் கரைக்கு என்று நன்கொடை கேட்டுப் பாருங்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இன்னொன்று. பூக்களைக் குவித்து வைப்பதற்குப் பெயர் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். சாடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு முதல் தண்டு நிற்கவேண்டும், கண் முதலில் போய் விழுகிற இடம் ஒன்று இருக்கவேண்டும், மிச்சத்தில் வெற்றிடம் விடத் தெரியவேண்டும். போன வருடம் ஒற்றை முருங்கைக் கிளையும் மூன்று செம்பருத்தியும் வைத்துப் பரிசு வாங்கியவர், வீட்டு வாசலில் இரண்டு தொட்டி மட்டும் வைத்திருந்த பெண். பரிசு வாங்கிய பிறகுதான் உறுப்பினர் ஆனார். இன்று பள்ளிப் பாத்தியில் வாரம் தவறாமல் களை எடுப்பது அவர்தான். கரையில் குழி வெட்டும் நாளில் படம் எடுத்துப் போட்ட ஆண்கள் எத்தனை பேர் அடுத்த வாரம் குடத்தோடு வந்தார்கள்?

கரைக்காரன்:
குடத்தோடு வரவில்லை என்பதற்காகத்தானே டேங்கர் கேட்கிறேன். முருங்கைக் கிளைக்குப் பரிசு கொடுத்தது நல்லது, கைதட்டுகிறேன். அந்த ஒரு மேசையைத் தவிர மற்ற மேசைகள் எல்லாம் கல்யாண வரவேற்பு மேடை மாதிரி இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜெர்பராவை வாங்கி வந்து செருகுவதற்குப் பெயர் தோட்டக்கலையா, கடைச்சரக்கா? கார்னேஷனுக்குப் பக்கத்திலேயே பழுத்த கதளித் தாரை அடுக்கி வைத்திருந்தீர்கள். பழம் விடுகிற எத்திலீன் வாயு கார்னேஷனைச் சீக்கிரமே சுருட்டிவிடும். இரண்டாம் நாள் மதியத்துக்குள் சுருண்டும்விட்டது. தோட்டக் கழகத்துக்குத் தெரியவேண்டிய முதல் பாடம் அது.

சம்பங்கிக்காரர்:
நான் கழகத்தில் இல்லை. சத்தியமங்கலத்துப் பக்கம் சம்பங்கியும் கொஞ்சம் மல்லியும் வைத்திருக்கிறேன். இங்கே பூவைப் பற்றி இவ்வளவு பேச்சு நடக்கிறது, பூ விளைவிக்கிறவனை ஒருவரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன்.

ஓணத்துக்கும் ஆயுத பூஜைக்கும் சத்தி மார்க்கெட்டில் ஏலம் ஏறும். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சம்பங்கி வாங்க ஆள் இருக்காது. சென்ட் ஆலைக்காரர்கள் வைத்ததுதான் விலை. விடியுமுன் ஆள் விட்டுப் பறித்த கூலிகூடத் தேறாமல் கொட்டிவிட்டு வந்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு மலைமேல் பசுமைக்குடிலில் விளைகிற பூவுக்குப் பணம் கொடுப்பது ஏன் என்பதுதான் என் கேள்வி. கண்காட்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பூச்சாடி:
ஐயா, சம்பங்கி எங்களுக்கும் வேண்டும். தண்டோடு கேட்டால் உங்கள் பக்கத்தில் யாருமே கொடுப்பதில்லை. மாலைக்குக் கட்டுகிற உதிரிப்பூ அலங்காரத்துக்கு ஆகாது.

சம்பங்கிக்காரர்:
கொடுக்க மாட்டோம், அம்மிணி. காரணம் இருக்கிறது. சம்பங்கித் தண்டில் கீழ்ப்பூ முதலில் விரியும், பிறகு ஒவ்வொன்றாக மேலே ஏறும். நாங்கள் தினம் காலையில் அன்றைக்கு ஆன மொக்கை மட்டும் கிள்ளி எடுக்கிறோம். தண்டோடு வெட்டிக் கொடுத்தால் அதில் இன்னும் பல நாள் எடுக்கவேண்டிய பூவெல்லாம் ஒரே வெட்டில் போய்விடும். கிலோ விலைக்குத் தண்டைக் கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரிவதில்லை. தண்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, மாதத்துக்கு முன்பே முன்பணம் கொடுத்தால் ஒரு பாத்தியை உங்களுக்கென்றே விட்டுவிடலாம். சாடியில் வைக்க அடுக்குச் சம்பங்கிதான் எடுப்பாக இருக்கும். நாங்கள் வைத்திருக்கிற பிரஜ்வல் என்ற ரகம் ஒற்றையடுக்கு. மாலைக்கும் ஆலைக்கும் போவது.

தை மாதத்தில் கண்காட்சி வைக்கச் சொன்னது யார்? பனியில் மல்லி பூக்காது, விலை உச்சியில் நிற்கும், முகூர்த்தம் வேறு. புரட்டாசியில் வையுங்கள். ஓணமும் சதுர்த்தியும் முடிந்து ஆயுத பூஜைக்கு முன்னால் விலை படுத்துக் கிடக்கும் ஒரு வாரம் எங்களுக்கும் உதவும்.

தாவரவியல் மாணவி:
பூ எங்கிருந்து வருகிறது என்பதோடு, அதைச் செருகுகிற பச்சை ஸ்பாஞ்சையும் கவனிக்க வேண்டுகிறேன். அது பீனால்–பார்மால்டிஹைடு பிளாஸ்டிக் நுரை. தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும்போதே தூளாக உதிரும், மக்காது. இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதற்குத் தடை போட்டுவிட்டது. நம் மண்டபத்தில் அந்த ஸ்பாஞ்சு ஊறிய வாளித் தண்ணீர் சாக்கடையில் ஊற்றப்படுகிறது. சாக்கடை போய்ச் சேர்வது குட்டைக்கு. கரைக்காரன் அண்ணன் காப்பாற்ற நினைக்கிற அதே குட்டைதான்.

ஜப்பானியர்களின் ஆணித்தட்டு கென்சான் நமக்கு விலை கூடுதல் என்றால், கோழிக்கூண்டு வலையைச் சுருட்டிச் சாடிக்குள் வைத்தாலே தண்டு நிற்கும். வாழைத்தண்டுக்கு நம் ஊரில் பஞ்சமா? குலை வெட்டிய மரத்தைத் துண்டு போட்டுக் குச்சியால் துளையிட்டுச் செருகினால் இரண்டு நாளுக்கு ஈரம் தாங்கும், பிறகு எருக்குழிக்குப் போகும். கட்டுவதற்கு வாழைநார்.

பூச்சாடி:
வாழைத்தண்டு கனமான தண்டுக்கு நிற்கும், மெல்லிய தண்டை உடைக்கும், மேசைவிரிப்பில் கறை ஏற்றும். முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வலை சரி. ஸ்பாஞ்சை விட்டுவிடலாம் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. போட்டிக்கு வருகிற பலர் காணொளி பார்த்துக் கற்றவர்கள். அதில் ஸ்பாஞ்சு இல்லாத ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். விதிமுறையில் எழுதினால் மட்டும் போதாது, தைக்கு முன்னால் ஒரு பயிற்சி வகுப்பு வைக்கவேண்டும். அதற்கும் பணம் வேண்டும், அண்ணா.

ஓய்வு பெற்ற வாத்தியார்:
அலங்காரம் என்றால் வெளியிலிருந்து கற்றுக்கொள்ளவேண்டிய வித்தை என்பது போலப் பேச்சு போகிறது. பொங்கலுக்கு முந்தைய நாள் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டி வீட்டுக்கும் தோட்டத்துக்கும் தொழுவத்துக்கும் காப்பு வைக்கிறோமே, மூன்று பொருளில் பச்சை, மஞ்சள், வெள்ளை. அதற்கு மேல் என்ன வடிவமைப்பு? பூப்பறிக்கிற நோம்பிக்குப் பெண்பிள்ளைகள் கும்மியடித்துக்கொண்டு ஆவாரம்பூப் பறிக்கப் போன காடெல்லாம் இன்று வீட்டுமனை. காப்புக்கட்டுக் கொத்துக்கு உங்கள் போட்டியில் ஒரு பிரிவும் கிடையாது. அதை வைத்தால் தையில் நடத்துவதற்கு ஒரு பொருளாவது இருக்கும்.

இது இருக்கட்டும். நான் கேட்க வந்தது பள்ளிப் பாத்தியைப் பற்றி. கோடை விடுமுறையில் பள்ளிக் கதவு பூட்டு, குழாய் பூட்டு. ஜூனில் திறக்கும்போது கறிவேப்பிலை மட்டும் உயிரோடு நிற்கும். வருடா வருடம் இதே கதை. சாவி யாரிடம் இருக்கும்?

கோட்டப் பொறியாளர் (ஓய்வு):
கரையில் மரம் என்கிறீர்களே, எந்தக் கரையில் என்று யோசித்தீர்களா? மண் கரையின் மேற்பரப்பில் பெரிய மரம் வளர்ந்து, சூறைக்காற்றில் வேரோடு சாய்ந்தால் கரையில் ஒரு வண்டி மண்ணையும் பிடுங்கிக்கொண்டுதான் சாயும். செத்த வேர் மக்கிய துளை வழியாக நீர் கசியும். கசிவு பெரிதானால் உடைப்பு. நாற்பது வருடம் ஏரிகளோடு இருந்தவன் சொல்கிறேன். போன மழைக்கு நீங்கள் வைத்த அரசங்கன்றுகளை இப்போதே பிடுங்கிவிடுங்கள். துறையின் அனுமதி வாங்காமல் வைத்தது அது.

கரைச் சரிவுக்கு அருகம்புல், வெட்டிவேர். கரையோரம் பனை. புங்கன், பூவரசு, நீர்மருது எல்லாம் கரை அடிவாரத்திலிருந்து தள்ளி வெளிப்புறத்தில். பனைக்கு டேங்கர் வேண்டாம். கொட்டையை மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஊன்றிவிட்டு வந்துவிடலாம்.

கரைக்காரன்:
பொறியாளர் ஐயாவுக்கு நன்றி. ஆனால் பனை நிழல் தருவதற்குள் எனக்குப் பேரன் பிறந்து அவனுக்குக் கல்யாணமும் ஆகிவிடும். வெளிப்புறத்தில் பூவரசும் புங்கனும் என்றால் இரண்டு கோடைக்காவது தண்ணீர், ஆட்டுக்கு அடைப்பு, இரண்டும் செலவு. ஆகவே என் கணக்கு அப்படியே நிற்கிறது. பேருந்து நிலையத்துக் கொரியன் புல்லுக்கு ஊற்றுகிற தண்ணீரை நிறுத்தி, அங்கே காகிதப்பூவும் அரளியும் வைத்தாலே பாதிச் செலவு மிஞ்சும். அதையும் தீர்மானத்தில் சேர்க்கிறேன்.

பூச்சாடி:
புல்லை எடுப்பதற்கு என் ஓட்டு உண்டு. குழந்தைகள் நடமாடுகிற இடம், அரளி வேண்டாம். இலை முதல் பூ வரை நஞ்சு. இட்லிப்பூ வையுங்கள்.

புரட்டாசி யோசனையைப் பற்றி மண்டபத்தில் விசாரித்தேன். அந்த மாதம் கல்யாணம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடக்கிறது, வாடகையில் பெரிய தள்ளுபடி தருவதாகச் சொன்னார் மேலாளர். சம்பங்கிக்காரர் ஐயாவிடம் தண்டு விலை பேசி முன்பணம் கொடுத்தால் மலைப்பூவுக்குக் கொடுத்ததில் எவ்வளவு மிஞ்சும் என்று பொருளாளர் கணக்கு போட்டுப் பொதுக்குழுவில் வைக்கட்டும். மிஞ்சியது கரைக்கு. கண்காட்சியை நிறுத்துவதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன்.

கரைக்காரன்:
மிஞ்சினால் தருகிறோம் என்ற பேச்சைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் கரைக்கு ஒதுக்குங்கள், மிஞ்சினால் கண்காட்சி. தீர்மானத்தைத் திரும்பப் பெறவில்லை. வாக்கெடுப்பில் பார்ப்போம்.

சம்பங்கிக்காரர்:
புரட்டாசி என்றால் வெட்டுக்குத் தகுந்தபடி பாத்தியை இப்போதே ஒதுக்கவேண்டும். பொதுக்குழு முடிந்த அன்றே தகவல் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற வாத்தியார்:
பள்ளிக் குழாய்ச் சாவியைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பூச்சாடி:
சாவியை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள், ஐயா. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணனின் தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்குவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.