அவுஸ்திரேலியாவில் உதைபந்தாட்டம்: மைதான ஓரத்தில் நான் சந்தித்தவர்கள்

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் என்றால் பெரிய அரங்குகளில் பார்த்த ஆட்டங்களைப் பற்றித்தான் நண்பர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் மேற்குச் சிட்னியின் புறநகர் மைதானங்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். இந்த நாட்டில் உதைபந்தாட்டம் உண்மையில் எங்கே வளர்ந்தது என்பதை அங்கே சந்தித்த மனிதர்களிடமிருந்துதான் அறிந்துகொண்டேன். செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கங்களை, முட்டை வடிவப் பந்தால் ஆடும் ரக்பி லீக்கும் அவுஸ்திரேலிய விதி ஆட்டமும், கூடவே கிரிக்கெட்டும் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் குளிர்காலத்துச் சனிக்கிழமைக் காலையில் எந்தப் புறநகருக்குச் சென்றாலும், பனி ஈரம் காயாத புல்லின் மேல் பிள்ளைகள் உதைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் வட்டப் பந்தைத்தான். அணியாக ஆடும் விளையாட்டுகளில் இந்நாட்டில் மிக அதிகமானோர் ஆடுவது இதுவே.

ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்துக்கு நால்வர் மட்டுமே. கோல் காப்பாளர் கிடையாது. புள்ளிப் பட்டியலும் கிடையாது. எல்லாப் பிள்ளைகளின் காலிலும் பந்து படவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அங்கே என் அருகில் நின்ற ஒரு தந்தை, ரக்பி லீக் ஆடிய குடும்பத்தில் பிறந்தவர். தலையில் அடிபடுவதைப் பற்றிய அச்சத்தால் மனைவி முதலில் உதைபந்தாட்டத்தைத் தேர்ந்தெடுத்ததாகவும், பின்னர் மகனே வேறெதையும் ஆட மறுத்துவிட்டதாகவும் சொன்னார். ஆட்டம் தொடங்கும் முன் கோல் வலையைக் கம்பத்தில் மாட்டும் வேலையை இப்போது அவர்தான் செய்கிறார். இப்படி வேறு ஆட்டத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள் எங்கள் கழகத்தில் பல.

என் மனத்தில் ஆழப் பதிந்த சந்திப்பு, மைதானத்துக்குக் கோடு போடும் முதியவருடனானது. குரோவேஷியாவில் பிறந்து, இளைஞராகச் சிட்னிக்கு வந்து, வார நாட்களில் தொழிற்சாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்திலும் வாழ்க்கையைக் கழித்தவர். வந்த புதிதில் தம் மொழியில் பேச ஓர் இடமும், வேலை தேடித்தர ஓர் ஆளும், பின்னாளில் மனைவியும் கிடைத்தது தம் நாட்டவரின் உதைபந்தாட்டக் கழகத்தின் மூலமாகத்தான் என்று அவர் சொன்னபோது, நம்மவர்கள் இங்கே கோயிலையும் தமிழ்ப் பள்ளியையும் சுற்றி வாழ்க்கையை அமைத்துக்கொண்டதை நினைத்துக்கொண்டேன். கிரேக்கர்களுக்குச் சவுத் மெல்பேர்ண், இத்தாலியர்களுக்கு மார்க்கோனி, ஹங்கேரியர்களுக்குச் சென் ஜோர்ஜ் புடாபெஸ்ட் என்று குடியேறியவர்களின் கழகங்களே இந்நாட்டு உதைபந்தாட்டத்தைத் தாங்கின. 1974இல் முதன்முறையாக உலகக்கிண்ணத்துக்குச் சென்ற அவுஸ்திரேலிய அணியில் பலர் வேறு தொழில் பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். 1977இல் தேசிய லீக் தொடங்கியது. 1990களில் கழகங்கள் தங்கள் இன அடையாளப் பெயர்களைக் கைவிடவேண்டும் என்ற நெருக்குதல் வந்தது. 2004இல் அந்த லீக் மூடப்பட்டு, மறு ஆண்டு ஏ-லீக் என்ற புதிய தேசிய லீக் தொடங்கியபோது, குடியேறியவர்களின் பழைய கழகங்கள் மாநில லீக்குகளோடு நின்றுவிட்டன. இதைச் சொல்லும்போது அந்த முதியவரின் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகமாக இருந்தது. ஏ-லீக் புதிய இரசிகர்களைக் கொண்டுவந்தது என்பதை நான் ஏற்கிறேன்; ஆனாலும் வீட்டைக் கட்டியவர்களைத் திண்ணையில் உட்காரவைத்தது நியாயமாகாது. 2025இல் தொடங்கிய அவுஸ்திரேலியச் சம்பியன்ஷிப்பில் சவுத் மெல்பேர்ணும் மார்க்கோனியும் மீண்டும் தேசிய மட்டத்தில் ஆடக் கிடைத்தது, காலம் தாழ்ந்தாலும் சரியான முடிவு.

அதே முதியவர் 2005 நவம்பர் 16ஆம் நாள் இரவைப் பற்றிப் பேசினால் முகமே மாறிவிடும். உருகுவேக்கு எதிரான அந்த உலகக்கிண்ணத் தகுதி ஆட்டம் சமநிலை தவிர்ப்பு உதைகளுக்குச் சென்று, கோல் காப்பாளர் மார்க் சுவார்ட்சர் இரண்டைத் தடுத்து, ஜோன் அலோய்சி கடைசி உதையை வலைக்குள் அனுப்பியபோது, 32 ஆண்டுகளுக்குப் பின் உலகக்கிண்ண வாய்ப்புக் கிடைத்தது. அந்த நாளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய முன்னாள் அணித்தலைவர் ஜொனி வாரன் அதற்கு ஓராண்டுக்கு முன்பே காலமாகிவிட்டார் என்பதை ஒவ்வொரு முறையும் அவர் மறக்காமல் சொல்வார்.

பெண்கள் ஆட்டத்தின் எழுச்சியை நான் கண்டது மைதானத்தில் அல்ல, உறவினர் வீட்டுப் பிறந்தநாள் கொண்டாட்டத்தில். 2023 ஓகஸ்ட் 12, பெண்கள் உலகக்கிண்ணத்தில் பிரான்சுக்கு எதிரான அவுஸ்திரேலியாவின் காலிறுதி பிறிஸ்பேனில் நடந்துகொண்டிருந்தது. கேக் வெட்டும் நேரம் கடந்தும் மேசையருகே எவரும் வரவில்லை; பட்டுச்சேலையோடு மாமிமார் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் சமநிலை தவிர்ப்பு உதைகளுக்குச் சென்றது; இரு பக்கமும் சேர்த்து 20 உதைகள். கதிரையை விட்டு எழ முடியாத அம்மம்மா ஒருவர், "என்ன பிள்ளை, அடிச்சிட்டாளோ?" என்று ஒவ்வொரு உதைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். கோர்ட்னி வைன் அடித்து 7-6 என்று முடிந்ததும், "ஓம் அம்மம்மா, அடிச்சிட்டாள்!" என்று பேத்தி கத்திய சத்தத்தில் சின்னக் குழந்தைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். நான்கு நாட்களின் பின் இங்கிலாந்துடனான அரையிறுதியில் தோற்றாலும், அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் சராசரியாக 71 இலட்சம் பேர் பார்த்தார்கள். 2001இல் இன்றைய கணக்கெடுப்பு முறை வந்த பின் அதுவே மிகப்பெரிய எண்ணிக்கை.

அடுத்த பருவத்தில் எங்கள் கழகத்தில் பெண்பிள்ளைகள் திரண்டு வந்து பதிந்தார்கள். உடை மாற்றும் அறையோ ஆண்களுக்கென்று கட்டப்பட்டது: சுவர் நெடுகச் சிறுநீர்த் தொட்டி, குளிக்கும் பகுதிக்குக் கதவில்லை. தாய்மார் துவாயை விரித்துப் பிடிக்க, பிள்ளைகள் அதன் பின்னால் உடை மாற்றினார்கள். பெண்கள் விளையாட்டு வசதிகளுக்காக மத்திய அரசு 20 கோடி டொலரை அறிவித்தது நல்ல தொடக்கம்தான்; ஆனால் பெருகும் பிள்ளைகளின் தொகைக்கு அது போதாது என்பதே என் கருத்து.

கட்டணம் இன்னும் பெரிய தடை. சாதாரணப் பிரிவில் சில நூறு டொலர்களோடு முடியும். திறமையுள்ள பிள்ளை உயர்நிலை இளையோர் அணிக்குத் தெரிவாகிவிட்டால் ஆண்டுக்கு ஈராயிரம் டொலரைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் அரசு தரும் 50 டொலர்ப் பற்றுச்சீட்டுகள் அங்கே எம்மாத்திரம்? தென் சூடானிலிருந்து வந்த ஒரு தந்தை, மகன் தெரிவான கடிதத்தை என்னிடம் காட்டிவிட்டு, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதை எப்படிக் கட்டுவது என்று கேட்டார். கென்யாவின் கக்கூமா அகதி முகாமில் பிறந்த அவேர் மாபில், 2022இல் பெருவுக்கு எதிரான தகுதி ஆட்டத்தில், நெருக்கடியான நேரத்தில் சமநிலை தவிர்ப்பு உதையைக் கோலாக்கி இந்நாட்டை உலகக்கிண்ணத்துக்கு அனுப்பியவர்களில் ஒருவர். அப்படிப்பட்ட இன்னொரு பிள்ளையைக் கட்டணத்துக்காக வாசலில் நிறுத்திவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தத் தந்தைக்குக் கழகம் மாதத் தவணை கொடுத்திருக்கிறது. பெற்றோர் சிலர் சேர்ந்து உதவி நிதி ஒன்று தொடங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். மெல்பேர்ணிலோ பேர்த்திலோ உள்ள கழகங்கள் இதை எப்படிக் கையாளுகின்றன என்று அங்குள்ளவர்கள் எழுதினால், எங்கள் அடுத்த கூட்டத்தில் முன்வைக்கப் பெரிதும் உதவியாக இருக்கும்.