ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்) "தவறி விழுந்து" என்று இருக்கு, விபத்து இழப்பீடு கிடைக்குமா?

அலங்காநல்லூரான்:
மச்சானுக்கு வயசு 34. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்குற வேலை. ஒத்தக்கடை பக்கம் பைக்கில் போறப்ப பின்னாடி வந்த குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) தட்டி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சிருக்கு. நாலு மாசம் ஆச்சு. வண்டி நம்பரோட மறுநாளே எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு. ஆனா ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில் "பைக்கில் இருந்து தவறி விழுந்து" என்று இருக்கு. ஹெல்மெட்டும் போடலை. "டிரைவருக்கு பேட்ஜ் (வாடகை, சரக்கு வண்டி ஓட்டுற தனி அனுமதி) இல்லை, கேஸ் நிக்காது, ஒன்றரை லட்சம் வாங்கிட்டு கையெழுத்துப் போடுங்க" என்று வண்டித் தரப்பில் ஒருத்தர் வந்து பேசுறார். சம்பளத்துக்கு ரசீது எதுவும் கிடையாது. என்ன செய்யலாம்?

தெப்பக்குளம் கிழக்கு:
முதல்ல தேதியைப் பாருங்க. மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கு. 166ஆம் பிரிவு மனுவை (எதிர்த்தரப்புத் தப்பைக் காட்டி இழப்பீடு கேட்கிறது) விபத்து நடந்த 6 மாசத்துக்குள் போடணும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்காங்க, அதை நம்பி உட்கார வேண்டாம். குற்றப்பத்திரிகை, ஊனச் சான்று எதுக்கும் காத்திருக்காதீங்க, எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) நம்பர் ஆன பிறகு தாக்கல் பண்ணிக்கலாம். வட்டியும் பொதுவா மனுத் தேதியில் இருந்துதான் ஓடும்.

ஏ.ஆர். விஷயம்தான் சிக்கல். கூட வந்தவர் பதற்றத்தில் சொல்றதை டூட்டி டாக்டர் அப்படியே எழுதிடுவார். இன்சூரன்ஸ் வக்கீல் அதைப் பிடிச்சுக்கிட்டு, "வண்டியைப் பின்னாடி சேர்த்திருக்காங்க" என்பார். திருத்தித் தரச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அலையாதீங்க, திருத்தினா சந்தேகம் கூடத்தான் செய்யும். எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டில் பைக்குக்குப் பின்பக்கமும் குட்டியானைக்கு முன்பக்கமும் சேதம் பதிவாகியிருக்கா பாருங்க. போலீஸ் சம்பவ இடத்தில் எழுதுற மகஜர், ரஃப் ஸ்கெட்ச், நேரில் பார்த்தவர் சாட்சியம் இதெல்லாம் சேரணும். இந்த மனுவை விசாரிக்கிற தீர்ப்பாயத்தில் கிரிமினல் கோர்ட் அளவுக்கு நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் பார்ப்பாங்க. மறுநாளே நம்பரோட எஃப்.ஐ.ஆர். இருக்கிறது உங்களுக்குப் பெரிய பலம்.

பேட்ஜ் கதையை விடுங்க. எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் இருந்தா 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிடுச்சு. கால் முறிவுக்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? தலையில் அடி இருந்தாத்தான் அந்த வாதம் எடுபடும்.

கீழமாசி:
ஒன்றரை லட்சம் ரொம்பக் குறைவு. யார் தப்பு என்றே பார்க்காத 164ஆம் பிரிவில்கூட கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆனா அதை வாங்கிட்டா 166 மனு காலாவதி ஆயிடும், அதனால அவசரப்பட வேண்டாம்.

கணக்கு இப்படி வரும்: மாத வருமானம் 15,000 என்று ஏத்துக்கிட்டா, 40 வயசுக்குக் கீழே, சுயதொழில் என்பதால் எதிர்கால உயர்வு 40% சேர்த்து 21,000. செயல்பாட்டு ஊனம் (சம்பாதிக்கிற திறன் இழப்பு) 30% என்றால் 6,300. அதை 12ஆல் பெருக்கி, 31–35 வயசுக்கான பெருக்கி 16ஆல் பெருக்கினா 12,09,600. காய வழக்கில் அவரோட சொந்தச் செலவுக்கு என்று இதில் எதுவும் கழிக்க மாட்டாங்க. மருத்துவ பில், வேலைக்குப் போகாத மாசங்களின் வருமானம், வலி வேதனை, பிளேட் எடுக்கிற செலவு எல்லாம் தனித் தலைப்பு. பிளேட் எடுக்க டாக்டரிடம் எஸ்டிமேட் வாங்கி வையுங்க.

ரசீது இல்லாததால் வழக்கு விழாது. 2008 விபத்து ஒன்றில் காய்கறி வியாபாரிக்கு ஆவணம் இல்லாமலேயே மாதம் 6,500 என்று 2014ல் உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தா தாக்கல் பண்ணுங்க, மண்டிக்காரரைச் சாட்சியாக் கூப்பிடுங்க.

ஆனையூர்:
கீழமாசி போட்ட 30%ஐ யாரும் கையில் எழுதித் தர மாட்டாங்க. ராஜாஜி அரசு மருத்துவமனை மெடிக்கல் போர்டு கொடுக்கிறது உடல் ஊனம். அது சம்பாதிக்கிற திறனை எவ்வளவு பாதிக்குது என்று தீர்மானிக்கிறது நீதிபதி. அதே கால் முறிவு கிளார்க்குக்கு 10% ஆகலாம், மூட்டை தூக்குறவருக்கு அதைவிடக் கூடலாம். அதனால மனுவிலேயே என்ன எடை தூக்குவார், இப்போ குத்தவச்சு உட்கார முடியுதா, லாரியில் ஏற முடியுதா என்று விவரமா எழுதச் சொல்லுங்க. சிகிச்சை தராத தனியார் டாக்டரிடம் காசு கொடுத்து வாங்கின சர்டிபிகேட் குறுக்கு விசாரணையில் நிக்காது.

இன்னொண்ணு, கிடைக்கிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் ஃபீஸ் பேசுறதை பார் கவுன்சில் விதி தடுக்குது. வருமானம் குறைவு என்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, சட்ட உதவி எண் 15100க்குப் போன் பண்ணியும் கேட்கலாம். தீர்ப்புத் தொகை போதாதுன்னா 90 நாளுக்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அப்பீல்.